சப்பரத்துக்கு ஏற்ற தோள்

"தலைக்கு மேல தூக்கறதா, சைடுல தூக்கறதா? மொதல்ல அதச் சொல்லுங்கண்ணே," என்றான் ஷெர்வின், கையில் டம்பெல்லோடு.

பாஸ்கலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். சப்பரக் கமிட்டித் தலைவர் கண்ட இடத்தில் சிரித்தால் மரியாதை என்ன ஆவது?

சர்ச் திருவிழாவில் அந்தோணியார் சப்பரத்தைத் தோளில் தூக்க வேண்டும் என்பது காலனிப் பையன் ஷெர்வினின் ஆசை. "எங்கப்பாவும் கேட்டுப் பாத்தாரு, கெடைக்கல. நானாவது தூக்கணும்ணே," என்று வந்து நின்றான்.

பாஸ்கல் அவனை விரட்டவில்லை. பெரிய மனசு. "தோள் பத்தாது தம்பி" என்று மட்டும் சொல்லி, குமணன்சாவடியில் தான் போகும் ஜிம்முக்கே கூட்டிவந்துவிட்டார்.

"சைடுல தூக்கு. ரெண்டரை கிலோ."

ட்ரெய்னர் வினோத் குறுக்கே வந்தான். "சார், புதுசா வர்றவங்களுக்கு மேல தூக்கறதுதான் நல்லது. தோள் முழுக்க வேலை செய்யும். இவருக்கு ஏழரை கிலோவே குடுக்கலாம், நல்லாத்தான் கீறாரு."

"உனக்கு இன்னாப்பா தெரியும்? சப்பரம் முன்னூறு கிலோ. ஆடாம அசையாம போவணும். கம்ப்யூட்டர் தட்டற தோள நம்பி அந்தோணியார ஏத்த முடியுமா?"

ஷெர்வின் தலையாட்டிவிட்டுப் பக்கவாட்டில் தூக்கினான். மாசம் ஒன்று போனது.

"இப்ப பரவால்லியாண்ணே?"

"முன்பக்கமா தூக்கு, பாக்கலாம்."

அதையும் தூக்கினான். "இப்ப?"

"குனிஞ்சுகினு பின்பக்கமா தூக்கு."

தோளுக்கு எத்தனை பக்கம் உண்டோ அத்தனையையும் பாஸ்கல் கண்டுபிடித்தார். பெஞ்சில் உட்கார்ந்தபடியேதான். ஜிம்முக்கு வந்த நாளாக அவர் தூக்கியது செல்போன் மட்டும்.

திருவிழாக் கொடி ஏறியது. ஷெர்வின் ஆசையோடு ஓடிவந்தான். "அண்ணே, இந்த வருஷம் தூக்கலாம்ல?"

"அவசரப்படாத நைனா. பாதி வழில சாஞ்சிச்சுன்னா ஊரு சும்மா உடுமா? அடுத்த வருஷம் பாக்கலாம்."

பையன் முகம் வாடிப்போனது. பாஸ்கலுக்கே பாவமாக இருந்தது. ஒரு சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்.

திருவிழா அன்று சாயங்காலம். சர்ச்சுக்குப் பின்னால் ஷெட்டில், பூவும் சீரியல் லைட்டும் மின்ன, அந்தோணியார் சொரூபத்தோடு சப்பரம் தயாராக இருந்தது. அதை முன்வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். ஃபாதர் ஜெபம் சொல்லி மந்திரித்த பிறகுதான் பவனி.

இடையில் முழுக்க மணல். கால் புதையும், பட்டு வேட்டி அழுக்காகும். அதனால் அந்த வேலை வருஷா வருஷம் காலனி ஆட்களுக்கு. அதை யாரும் தூக்குவது என்று சொல்வதில்லை. 'கொண்டாந்து வைக்கிறது', அவ்வளவுதான்.

ஷெர்வினும் ஏழு பேரும் சப்பரத்தைத் தோளில் ஏற்றினார்கள். மணலைத் தாண்டி, ஒரு பூ உதிராமல் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். எல்லார் முதுகும் வேர்த்து ஊற்றியது.

கேமராக்காரர் வந்துவிட்டார். பட்டு வேட்டிகள் வரிசை கட்டின. பாஸ்கல் சிவப்புத் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, ஷெர்வினைக் கையால் விலக்கினார்.

"தள்ளு, தள்ளு... தூக்கறவங்களுக்கு வழி உடுங்கப்பா!"