முழுகாமல் இருந்த இரும்பு

கடலோரச் சேற்றில் பெரிய இரும்பு உருளை ஒன்று கிடந்தது. ஏதோ பழைய பாய்லர் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்து வளையில் இருந்த நண்டு செவ்வந்தி ஒருநாள் அதை நலம் விசாரித்தாள்.

"என்னத்தச் சொல்ல, செவ்வந்தி. முத்தெடுக்கிற ஆளுங்களை வயித்துல வெச்சுக்கிட்டு ஆழங்கடலுக்குப் போய் வந்தவ நான். என்னை இங்கயே போட்டுட்டுப் போயிட்டாங்க. அன்னையிலிருந்து முழுகாம இருக்கேன்" என்றது இரும்பு.

செவ்வந்தியின் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. "அக்கா முழுகாம இருக்காங்க" என்று கரை நெடுகப் பக்கவாட்டில் ஓடிச் சொன்னாள். சிப்பிகள் வளைகாப்புக்கு நாள் பார்த்தன.

"அடியே, கடல்ல முழுகலைன்னு சொன்னேன்" என்று இரும்பு கத்தியதை யாரும் கேட்கவில்லை.

மசக்கைக்காரிக்குப் புளிப்பாகப் பாசி தேடி எடுத்துக்கொண்டு செவ்வந்தி திரும்பி வந்தாள். அப்போது இரும்பின் உச்சியில் மூடி திறந்தது. அவள் இல்லாத நேரத்தில் உள்ளே இறங்கிப் பார்த்த இரண்டு பேர் உடம்பெல்லாம் சேறோடு வெளியே வந்தார்கள்.

"ரெட்டைப் பிள்ளை" என்றாள் செவ்வந்தி. "ரெண்டுக்கும் பிறக்கும்போதே மீசை."

அவர்களில் ஒருவர் இரும்பைத் தட்டிக்கொடுத்தார். "இது பாய்லர் இல்லப்பா. அந்தக் காலத்து நீர்மூழ்கி."



செவ்வந்தி சிப்பிகளைப் பார்த்துச் சொன்னாள்: "நாம பேர் வைக்கிறதுக்குள்ள, பிள்ளைங்க ஆத்தாளுக்குப் பேர் வெச்சிட்டாங்க."