அதிசயத்துக்கு ஒரே சாட்சி

“அண்ணே, கண்ணால பார்த்த சாட்சி நீங்க ஒருத்தர்தான். எனக்குப் பார்வை குடுத்தது எங்க சாமிதானே? இவர் காதுல விழற மாதிரி சொல்லுங்க.”

தையல்காரர் இப்படிக் கேட்டதும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. பக்கத்து ஸ்டூலில் இருந்த வாட்ச் ரிப்பேர்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எனக்குக் குடுத்தது எங்க ஆண்டவன்னு அவர்கிட்டச் சொல்லிடுங்கண்ணே,” என்றார், சுவரைப் பார்த்தபடி.

இருவரும் ஒரே அறையில் கடை வைத்திருப்பவர்கள். ஒரு பக்கம் தையல் மெஷின், மறுபக்கம் வாட்ச் மேஜை. பதினெட்டு வருடமாக மத்தியானச் சாப்பாடு ஒன்றாகத்தான். ஒருவர் கைகூப்பி, மற்றவர் கையேந்தி, அரை நிமிடம் கும்பிட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். வெள்ளெழுத்து வந்ததும்கூட ஒன்றாகத்தான். ஆறு மாதம் முன்பு இந்தக் கண்ணாடிக் கடைக்குச் சேர்ந்தே வந்து, ஒரே மாதிரி கறுப்பு ஃப்ரேமில் கண்ணாடி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்தே பிடித்தது சனியன். தையல்காரருக்கு ஊசிக்காது தெரியவில்லை. வாட்ச்காரருக்குத் திருகாணி எது, முள் எது என்று புரியவில்லை, மண்டையிடி வேறு. வந்து முறையிட்டபோதெல்லாம் “போடப் போடப் பழகிடும்” என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். எங்கே பழகியது? இனிப் பிழைப்பு அவ்வளவுதான் என்று தையல்காரர் மெஷினை விற்க ஆள் பார்க்கத் தொடங்கினார். இருவரும் அவரவர் தெய்வத்திடம் அழாத நாளில்லை.

போன வியாழக்கிழமை மத்தியானம், எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கக் கடைக்காரர் போனார். விடாமல் சாப்பிட உட்கார வைத்துவிட்டார்கள். வழக்கம்போல இருவரும் கண்ணாடியைக் கழற்றி வைத்துக் கும்பிட்டார்கள். திரும்ப மாட்டினால், இரண்டு பேருக்கும் பளிச்சென்று தெரிகிறது! தையல்காரர் முதல் தடவையிலேயே ஊசியில் நூல் கோர்த்துவிட்டு, குழந்தை மாதிரி அழுதேவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டால் மனிதர்களா? யார் சாமி செய்தது என்று பேச்சு ஆரம்பித்து, உன் சாமி நிஜமென்றால் என் சாமி என்ன சும்மாவா என்பதில் போய் நின்றது. ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இன்று நான்கு மணிக்கு அறைக்கு நடுவே தடுப்புப் பலகை அடிக்கத் தச்சர் வருகிறார்.

கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். அவருக்குச் சாமி, பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது என்பது தெருவுக்கே தெரியும். அதனால்தான் அவரைப் பொது ஆளாக வைத்துக்கொண்டார்கள்.

“ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்குங்க. நீங்க தனியாக் கும்பிட்டிருந்தா இது நடந்திருக்காது. அவர் தனியாக் கும்பிட்டிருந்தாலும் நடந்திருக்காது. ஒரே மேஜையில, ஒரே நேரத்துல, ரெண்டு பேரும் கண்ணை மூடினீங்க பாருங்க, அதனாலதான் நடந்தது. என் பிள்ளைங்க மேல சத்தியம்.”

சாமியே இல்லை என்கிறவர் வாயிலிருந்து இப்படி வந்ததில் இருவரும் அசந்துபோனார்கள்.

“அப்போ ரெண்டு பேர் சாமியும் பேசி வச்சுக்கிட்டுத்தான் பண்ணியிருக்கு. நாமதான் பேசிக்காம இருக்கோம்,” என்றார் வாட்ச்காரர், ஒரு வாரம் கழித்து நண்பர் முகத்தைப் பார்த்து.

“எழுந்திரிய்யா, தச்சர் வந்துடப்போறார். அந்தப் பலகையில நாம சாப்பிட நல்லதா ஒரு மேஜை பண்ணச் சொல்லலாம்,” என்றார் தையல்காரர்.

இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகுதான் கடைக்காரருக்கு மூச்சு வந்தது. ஆறு மாதம் முன்பு, இவர் கண்ணாடியை அவருக்கும் அவர் கண்ணாடியை இவருக்கும் தவறுதலாக மாற்றிக் கொடுத்தது கடைக்காரர்தான். போன வாரம் பழைய நோட்டைப் புரட்டியபோது அதைக் கண்டுபிடித்து, வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, அவர்கள் கண்மூடிக் கும்பிட்ட அரை நிமிடத்தில் மேஜைமேல் இருந்த கண்ணாடிகளை இடம் மாற்றி வைத்ததும் அவர்தான். யாரும் சட்டென்று கண்ணைத் திறந்துவிடக் கூடாதே என்று, பிறந்ததிலிருந்து எந்தச் சாமியையும் கும்பிடாத மனிதர் அப்போது இரண்டு பேர் சாமியையும் பேர் சொல்லி வேண்டிக்கொண்டார்.

வேண்டுதல் பலித்துவிட்டது. எந்தச் சாமி பலிக்க வைத்தது என்பதுதான் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.