மேல்நோக்கிப் பெய்யும் பனி

ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் உடைந்து கிடக்கும் எண்ணெய்க் குழாயை, எண்ணெய்க் கிணற்றை அடைக்க வந்த கப்பலின் கண்காணிப்பு அறைத் திரையில் பார்த்துக்கொண்டு நின்றான் பர்னபாஸ். அந்தக் கிணற்றின் வாயு தீப்பிடித்துத்தான் அவன் தம்பி சவேரி, எண்ணெய் மேடையோடு எரிந்து கடலுக்குள் போனான். உடல் கிடைக்கவில்லை. கிணறு அடைபடும்வரை நாற்பதாம் நாள் பூசை வைக்கமாட்டேன் என்று தம்பி மனைவி பிலோமி சொல்லிவிட்டாள்.

கசியும் எண்ணெயைப் பிடித்து மேல்துவாரம் வழியாகக் கப்பலுக்கு இழுக்க, குழாயின் வாய்மேல் கவிழ்க்கும்படி நாலு பக்கமும் மூடிய ஓர் இரும்புக் கூண்டை இறக்கினார்கள். எண்ணெய் கரும்புகைபோலச் சுருண்டு எழுந்தது. அதனுடன் வந்த வாயுக் குமிழிகள் வெளியே வந்த கணத்திலேயே வெள்ளைத் தோல் போர்த்திக்கொண்டன.

“என்னது அது?”

“வாயுதாண்ணே,” என்றாள் கேமராவை இயக்கிய பெண். “அந்தக் குளிர்லயும் அழுத்தத்துலயும் தண்ணியோட சேந்து பனிக்கட்டியா ஆயிடுது.”

மேலே தீயாக வந்த அதே வாயு. வெள்ளைத் துகள்கள் ஆயிரமாயிரமாய், அவசரமே இல்லாமல், இருட்டுக்குள் மேல்நோக்கிப் பெய்தன. அதை வெறுக்கத்தான் பர்னபாஸ் வந்திருந்தான். இப்போது மூச்சுவிட மறந்து நின்றான்.

துகள்கள் கூண்டுக்குள் அப்பி, அதன் மேல்துவாரத்தை அடைத்தன. அத்தனை கனத்த இரும்பு மெல்ல மிதக்கத் தொடங்கியது.

“போச்சு! கூண்ட வெளிய இழுங்க!” என்று யாரோ கத்தினார்கள்.

கைப்பேசியில் பிலோமி அழைத்தாள்.

“அடைச்சாச்சா அத்தான்?”

“இல்லம்மா.”

“பெறகு என்னத்தப் பாத்துட்டு நிக்கிய?”

“பனி பெய்யுதும்மா.”

அவள் மெல்லக் கேட்டாள்:

“அவுக கிடக்குற எடத்துலயா?”