சூப்புக் கிண்ணம்

"வெளிநாட்டு ஓட்டல் ஆர்டரும்மா. சுறாத் துடுப்பு சூப்புக்குப் பீங்கான் கிண்ணம் வேணுமாம்," என்றார் சென்னை ஏஜென்ட் கோகுலகிருஷ்ணன்.

"அதுக்கு என் சூளையில எடமில்ல சார்," என்றாள் விருத்தாசலத்துப் பட்டறை முதலாளி வேல்விழி. "துடுப்ப மட்டும் அறுத்துக்கிட்டு, சுறாவ உசுரோட கடல்ல தள்ளிடுறாங்க. நீந்த முடியாம துடிச்சே சாவுது."

அவர் சிரித்தார். "நீங்க சைவமா? மீன் திங்காதவங்களுக்கு எல்லாமே பாவந்தான்."

வேல்விழி டிபன் பாக்ஸைத் திறந்தாள். பட்டறை முழுக்கச் சுறாப்புட்டு மணந்தது.

"புள்ள பெத்த மகளுக்குப் பால் ஊறணும்னு காலையில செஞ்சேன். மிச்சம் எனக்கு. சுறாவ முழுசாக் கரைக்குக் கொண்டார்றவங்ககிட்ட மட்டுந்தான் வாங்குவேன்."

அவர் சிரிப்பு நின்றது.

"கொன்னா ஒரேயடியாக் கொல்லணும். தின்னா முழுசாத் திங்கணும். கெளம்புங்க சார்!"