இரண்டாம் எண் கேபிள்

கேபிளைப் பிடுங்குவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துவிட நினைத்தாள்.

காலையில் வந்த மின்னஞ்சல்தான் காரணம். ஓசூரில் ஒரு நிறுவனம் தமீமுக்கு வேலை தரப் பார்க்கிறது. இந்த மருத்துவமனையிலிருந்து அவனை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். பத்து மாதமாக அவனுக்கு வேறு வேலை அமையவில்லை. இரண்டு வரி எழுதும்படி நிர்வாகி அவளிடம் தள்ளிவிட்டார். தமீம் அவளுக்குக் கீழேதான் வேலை பார்த்தான்.

எழுதியும் வைத்துவிட்டாள். நல்ல பையன். ஒரே ஒரு தடவை கவனம் தப்பிவிட்டது.

பெரிய மனதோடு எழுதியதாகத்தான் அவளுக்குத் தோன்றியது.

சர்வரில் கேபிள் செருகும் நெட்வொர்க் கார்டுகள் இரண்டு. ஒரே கம்பெனி, ஒரே மாடல். திரையில் தகவல் ஓட்டத்தைக் காட்டும் வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே நீளப் பெயர். ஒன்றின் வாலில் மட்டும் சின்னதாக ஒரு 2 இருக்கும். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே பெயரை வைத்துவிட்டு, ஒருவன் சட்டையில் எண் தைத்த மாதிரி.

அந்த 2 என்ற கோடு எப்போதும் தரையோடு தூங்கும். மற்றது ஏறி இறங்கும். தீவிர சிகிச்சைப் பிரிவின் திரைகளெல்லாம் அதை நம்பித்தான் இருந்தன.

பின்பக்கத்தில் கேபிள்களுக்கு லேபிள் ஒட்டியது அவள்தான். இடது பக்கம் 1. வலது பக்கம் 2. யாருக்கும் அப்படித்தானே தோன்றும்.

தூங்கும் இரண்டாம் எண் கேபிளை மாற்றச் சொல்லி, பத்து மாதத்துக்கு முன் ஒரு நாள் தமீமைத் தனியாக அனுப்பினாள்.

மதியம் இரண்டரைக்கு, ஒன்பது நிமிடம் திரைகள் இருண்டன. நர்ஸுகள் படுக்கைக்குப் படுக்கை ஓடினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவன் போக வேண்டியிருந்தது.

அதே கேபிளை மாற்றும் வேலை இன்று அவளுக்கே வந்திருக்கிறது.

தன் மடிக்கணினியிலிருந்து சர்வருக்கு ஒரு பெரிய கோப்பை அனுப்பினாள். எதிர்பார்த்த கோடுதான் ஏறியது. 2 தூங்கியது.

சர்வரின் பின்னால் போய்க் குனிந்தாள்.

1 என்று ஒட்டியிருந்த இடத்தில் விளக்கு அசையாமல் எரிந்தது.

2 என்று ஒட்டியிருந்த இடத்தில் படபடவென்று சிமிட்டியது.

நிமிர மறந்து அப்படியே நின்றாள். கணினி தன் கண்ணில் பட்ட வரிசையில் எண் போட்டிருக்கிறது. அவள் இடமிருந்து வலமாகப் போட்டிருக்கிறாள். அவன் லேபிளைப் படித்து, சொன்னபடி இரண்டைத்தான் பிடுங்கியிருக்கிறான்.

பாவம், அது அவனுக்கே தெரியாது என்று நினைத்தாள்.

தான் அனுப்பிய கோப்பை அழிக்க சர்வரைத் திறந்தாள். அதற்குக் கீழே இன்னொரு பெரிய கோப்பு கிடந்தது. சோதனை என்று பெயர். அனுப்பியவன் தமீம். தேதி, திரைகள் இருண்ட அதே நாள். நேரம், மூன்றே கால்.

விசாரணை ஐந்து மணிக்குத்தான் நடந்தது. அதற்கு முன்பே அவனும் இதே சோதனையைச் செய்து பார்த்திருக்கிறான்.

அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். வேலை நிரந்தரமாகாத நேரம். வீட்டுக்கு அவள் சம்பளம் மட்டும்தான். எல்லாம் அவனுக்குத் தெரியும். லேபிளில் இருப்பது யார் கையெழுத்து என்பதும் தெரியும். நிர்வாகி முன் நின்று, லேபிளைப் பார்க்காமல் அவசரத்தில் மாற்றிப் பிடுங்கிவிட்டேன் என்றான். அவள் அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கோபமாக இருந்தாள்.

பத்து மாதமாக அவனை மன்னித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

எழுதிய வரிகளை அழித்தாள். லேபிளை மாற்றி ஒட்டியவள் நான், அவர் மேல் தவறில்லை என்று எழுதினாள்.

அனுப்பவில்லை. கைபேசியை எடுத்துத் தமீமை அழைத்தாள்.

வேண்டாம் விடுங்கள் என்று அவன் சொல்லிவிட மாட்டானா என்று மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டது. ஆசைப்படுவதும் அவளுக்குத் தெரிந்தது.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்கக்கா. பாப்பா எப்படி இருக்கு?"

தவழ ஆரம்பித்துவிட்டாள் என்றாள்.

அவன் வேறு எதுவும் சொல்வதற்குள் மின்னஞ்சலை அனுப்பினாள்.