ஜன்னலோரம் பத்து நாள்

பீர் ஆலையின் ருசி பார்க்கும் அறையில் வெயில் பாதி மேசையைப் பிடித்திருக்கிறது. பத்து நாளாக அந்த வெயிலில் நின்ற வெள்ளைக் கண்ணாடி பாட்டில், பழுப்பு பாட்டில், அலுமினிய டப்பா மூன்றும் இப்போது காலி. மூன்றிலும் இருந்தது ஒரே நாளில் அடைத்த ஒரே பீர். அதை வடித்தவள் மூன்று தம்ளர்களை முதலாளியான தன் சித்தப்பாவின் முன்னால் நகர்த்துகிறாள். எது எதிலிருந்து வந்தது என்ற சீட்டு ஒவ்வொரு தம்ளரின் அடியிலும் ஒட்டியிருக்கிறது. முதல் தம்ளரை முகர்ந்ததும் அவர் முகம் சுளிக்கிறது. "ரப்பர் கருகின வாடை. உன் டப்பாதான் இது. ஒயினைப் பையில அடைக்கிறானுங்க, நீ பீரைத் தகரத்துல அடைக்கணுங்கற. தங்க நிறம் வெளிய தெரிய வேண்டாமா?" கடைசித் தம்ளரில் ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. மீசையில் நுரை. "இதுதாம்மா பீரு! வெள்ளை பாட்டில்." அவள் முதல் தம்ளரைத் தூக்கி அடியைக் காட்டுகிறாள். வெள்ளை பாட்டில் என்றிருக்கிறது. அவர் ரசித்துக் குடித்ததுதான் டப்பா பீர். அவர் காதுமடல் சிவக்கிறது. "சீட்டை மாத்தி ஒட்டிட்ட."

"ஒட்டினது சித்தி. போய்க் கேளுங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. "வெள்ளை பாட்டிலுக்கு ஆர்டர் சொல்லியாச்சு."

"அப்ப அதுல தண்ணி ஊத்தி வைங்க. நான் வடிச்சது வெயில் புகாத டப்பாலதான் வெளிய போகும்."

மேசையைத் துடைக்க, கடைசித் தம்ளரை எடுக்கக் கை நீட்டுகிறாள். அவர் முறைத்தபடியே அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார்.