காத்திருப்பு நேரம்

விமானம் மாறும் ஊரில் பயணி எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும் என்று கணினித் திரையில் காட்டும் சிறு பெட்டியை வசுமதி செய்து முடித்திருந்தாள். எந்த இணையப் பக்கத்திலும் அதை எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். சோதித்துப் பார்த்த பெலிக்ஸ் அவளை அழைத்தார்.

“நீங்க மாதிரிக்குப் போட்ட பயணத்துல, நடு ஊர்ல இறங்கின நேரம் இருக்கு. அடுத்த விமானத்தோட நேரம் போடவே இல்ல. காத்திருப்பு மூணு வருஷம், நாலு மாசம், ஒன்பது நிமிஷம்னு ஓடிட்டே இருக்கு. அடுத்தது இல்லைன்னா அதையே கடைசி ஊர்னு காட்டணும். நிரல்ல ஒரு வரிதான், எழுதிடுங்க.”

“நீங்களே எழுதிடுங்க. அது எங்க அண்ணனோட டிக்கெட். அங்க இறங்கினதோட சரி, ஒரு தகவலும் இல்ல.”

பெலிக்ஸ் விசைப்பலகையில் விரல்களை வைத்தார். வைத்தபடியே இருந்தார். திரையில் ஒன்பது பத்தானது.